சிவப்பு அறையில் உறங்கலாமா?



வீட்டுக்கு வண்ணம் பூசும் காலம் வந்துவிட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். உங்களில் யாராவது, "என் படுக்கையறைக்குச் சிவப்பு அடிக்கலாமே" என்று வாய் திறந்து பாருங்கள். உடனே எதிர்ப்புக் கிளம்பும். "சிவப்பா? தூக்கம் வராது!" என்பார் ஒருவர். "கோபம் அதிகமாகும், இரத்தக் கொதிப்பு வரும்" என்பார் மற்றொருவர். "அறை சூடாகிவிடும்" என்பார் மூன்றாமவர். "படிப்பே ஏறாது" என்று தீர்ப்புக் கூறுவதற்கும் ஒருவர் இருப்பார். தேர்வில் மதிப்பெண் குறைந்தால் சுவரின் நிறத்தின் மீது பழிபோட்டு, நல்ல சுவரைச் சுரண்டி மீண்டும் வண்ணம் பூசியவர்களும் உண்டு.

இந்தக் கூற்றுகளில் எது உண்மை, எது பொய்? இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி "எல்லாம் மூடநம்பிக்கை" என்று வீசிவிடுவது எளிது. "பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று தலையாட்டுவதும் எளிது. இரண்டும் அறிவியல் வழியல்ல என்பதே என் கருத்து. மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே எடுத்து உரைத்துப் பார்ப்பதே அறிவியல் வழி. அவ்வாறு பார்த்தால், பயப்பட வேண்டாத ஒன்றுக்குப் பயந்து, உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒன்றை நாம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்பது விளங்கும்.

இருட்டில் சிவப்பு ஏது?

முதலில் தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். சுவர் தானாக ஒளி தருவதில்லை. அதன்மேல் விழும் வெள்ளொளியில் நீலத்தையும் பச்சையையும் பெரும்பாலும் உட்கவர்ந்துகொண்டு, சுமார் 620 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களைத் திருப்பி அனுப்புவதால்தான் அதைச் 'சிவப்பு' என்கிறோம். விளக்கை அணைத்துவிட்டால் திருப்பி அனுப்ப எதுவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். ஆக, நாம் உறங்கும் நேரத்தில் அறைச் சுவருக்கு நிறமே இல்லை!

"சன்னல் வழியே சிறிது நிலவொளி வருமே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை தேடினார். பொகீமியா நாட்டைச் சேர்ந்த யான் புர்கின்யே என்னும் உடலியல் அறிஞர், பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்புப் பூக்கள் விடியற்காலை மங்கலில் கறுத்துத் தோன்றுவதையும், நீலப் பூக்கள் அவற்றைவிட வெளிச்சமாகத் தோன்றுவதையும் கவனித்து, 1825-ஆம் ஆண்டில் வெளியிட்டார். காரணம் நம் விழித்திரையில் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் கூம்புச் செல்கள் வேலை செய்கின்றன. அப்போது கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அருகே, அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், உச்சத்தில் இருக்கும். மங்கிய ஒளியில் கோல் செல்கள் பொறுப்பேற்றுக்கொள்கின்றன. அப்போது உச்சம் சுமார் 507 நானோமீட்டருக்கு நகர்ந்துவிடும். கோல் செல்களுக்கு ஆழ்ந்த சிவப்பு ஏறக்குறையத் தெரிவதே இல்லை. எனவே, நிலவொளி கசியும் அறையில் மற்றச் சுவர்களைக் காட்டிலும் கறுப்பாகத் தோன்றப்போவது சிவப்புச் சுவர்தான்.

இதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். சிவப்புத் தாள் ஒன்றையும் நீலத் தாள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் பார்க்கும்போது சிவப்பே சற்றுப் பளிச்சென்று இருக்கட்டும். மாலை மங்கும் நேரத்தில் இரண்டையும் மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று, அரை மணி நேரம் விளக்கு எதையும் பார்க்காமல் காத்திருங்கள். இருட்ட இருட்ட எந்தத் தாள் முதலில் கறுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைக் கெடுப்பது எது?

அப்படியானால் ஒளிக்கும் தூக்கத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, நெருங்கிய தொடர்பு உண்டு. ஆனால் குற்றவாளி வேறு.

பார்வைக்கு உதவும் கோல், கூம்புச் செல்கள் மட்டுமே ஒளியை உணர்கின்றன என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 2002-ஆம் ஆண்டில் டேவிட் பெர்சன் என்பவரும் அவருடைய குழுவினரும், எலியின் விழித்திரையில் தாமே ஒளியை உணரக்கூடிய மூன்றாம் வகைச் செல்களும் இருப்பதைக் காட்டினர். மனிதக் கண்ணிலும் இவை உள்ளன. இவற்றில் மெலனாப்சின் என்னும் பொருள் இருக்கிறது. இவற்றின் முக்கிய வேலை உருவங்களைக் காட்டுவதன்று. "இப்போது பகல்", "இப்போது இரவு" என்று மூளையில் உள்ள உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புவதாகும். பகல் என்ற செய்தி போனால், உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரப்பது தடைப்படும். இந்தச் செல்கள் சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அதாவது நீல ஒளிக்கு, மிகவும் கூர்மையாக எதிர்வினை தருகின்றன. சிவப்பொளி இவற்றை மிகக் குறைவாகவே தூண்டும்.

இப்போது நம் அறைகளைப் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி. விளக்கின் உள்ளே இருப்பது உண்மையில் ஒரு நீல எல்.இ.டி. ஆகும். அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகத்தான் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. சுமார் 450 நானோமீட்டரில் வெளிவரும் நீல ஒளியின் ஒரு பகுதியை, மேலே பூசிய பாஸ்பர்ப் பொருள் மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகின்றன. கைப்பேசித் திரையிலும் நீலம் ஏராளமாக உண்டு.

இரவு பதினோரு மணி வரை கைப்பேசியை முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "சுவர் சிவப்பாக இருப்பதால் தூக்கம் வரவில்லை" என்று சொல்வது நியாயமா? நீலத்தை உட்கவரும் சிவப்புச் சுவர், தன்னால் இயன்ற அளவு அந்த நீலத்தைக் குறைக்கவே செய்கிறது. ஆனால் அதையும் மிகைப்படுத்தக் கூடாது. விளக்கிலிருந்தும் திரையிலிருந்தும் நேரே கண்ணுக்குள் வரும் ஒளியைச் சுவர் தடுக்காது. எனவே, சுவரைச் சிவப்பாக்குவது தூக்கத்துக்கு மருந்தும் அன்று, நஞ்சும் அன்று. இரவில் எழுந்தால் வழி தெரிய ஒரு விடிவிளக்கு வேண்டுமானால், பளிச்சிடும் நீல விளக்கைவிட மங்கலான சிவப்பு விளக்கே நல்லது. இரவுப் பார்வை கெடாமலிருக்க விண்மீன் நோக்குவோர் சிவப்பு டார்ச்சைப் பயன்படுத்துவதற்கும் இதை ஒத்த காரணமே: கோல் செல்கள் அவ்வொளியைப் பொருட்படுத்துவதில்லை.

சிவப்பு சுடுமா?

அடுத்தது சூடு. ஓவியர்கள் சிவப்பை 'வெப்ப நிறம்' என்றும் நீலத்தைக் 'குளிர் நிறம்' என்றும் கூறுவர். இயற்பியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஓரியன் விண்மீன் குழுவில் செந்நிறமாகத் தெரியும் திருவாதிரையின் பரப்பு வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின்தான். நம் சூரியனுடையது சுமார் 5,800 கெல்வின். அதே ஓரியன் குழுவில் நீல வெண்மையாக ஒளிரும் ரீகல் விண்மீனுடையதோ சுமார் 12,000 கெல்வின்! கடையில் 'கூல் டேலைட்' என்று விற்கும் பல்பின் அட்டைப்பெட்டியைப் பாருங்கள்; 6,500 கெல்வின் என்று போட்டிருக்கும். 'வார்ம் ஒயிட்' பல்பில் 2,700 அல்லது 3,000 என்றிருக்கும்.

சரி, சுவர் விண்மீன் அன்று. சிவப்புச் சுவர் உள்ள அறை சூடாகுமா? இரவில் நம்மைச் சுற்றியுள்ள சுவர்கள் ஏறத்தாழ 300 கெல்வின் வெப்பநிலையில் இருக்கின்றன. அவை வீசும் வெப்பக் கதிர்கள் சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மிகுதியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பைவிட இது ஏறக்குறைய பதினான்கு மடங்கு நீண்ட அலை. அந்த அகச்சிவப்புப் பகுதியில் சிவப்பு பெயிண்டும் வெள்ளை பெயிண்டும் நீல பெயிண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கதிர்வீசுகின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் நிற வேறுபாடு வெப்பக் கதிர்களுக்குத் தெரியாது.

"சிவப்புச் சுவர் விளக்கொளியை அதிகமாக உட்கவருமே?" என்று கேட்பீர்கள். உட்கவரும். ஆனால் மூடிய அறையில் 20 வாட் விளக்கு எரிந்தால், வெள்ளைச் சுவரானாலும் சிவப்புச் சுவரானாலும் அந்த 20 வாட்டும் முடிவில் அறைக்குள்தான் வெப்பமாக மாறப் போகிறது. வெள்ளைச் சுவரில் ஒளி பலமுறை மோதி மெல்ல மெல்ல மாறும். சிவப்புச் சுவரில் ஓரிரு மோதலிலேயே மாறிவிடும். கணக்கு ஒன்றே.

வெளிச்சுவரும் மொட்டை மாடியும் வேறு கதை. அங்கே நேரடி வெயில் விழுகிறது. அங்கு வெள்ளை பூசினால் வெயிலின் பெரும்பகுதி வானத்துக்கே திரும்பிவிடும். அடர்ந்த நிறம் பூசினால் சுவர் சூடாகும். சூட்டைக் குறைக்க விரும்புவோர் படுக்கையறையின் உட்சுவரைப் பற்றிக் கவலைப்படாமல் மாடித் தளத்துக்கு வெள்ளை அடிக்கட்டும்.

சிவப்பின் உண்மையான குறை

இவ்வளவு சொன்னதால் நான் சிவப்புக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். இயற்பியல் முறையில் சிவப்பு அறைக்கு ஒரு குறை உண்டு. அதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதுதான் வெளிச்சக் குறைவு.

விளக்கிலிருந்து வரும் ஒளி சுவரில் பட்டுத் திரும்பி, எதிர்ச் சுவரில் பட்டு, மீண்டும் திரும்புகிறது. அறையின் எல்லாப் பரப்புகளும் 80 விழுக்காடு ஒளியைத் திருப்புபவை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பரப்புகள் பெறும் மொத்த ஒளி 1 + 0.8 + 0.64 + 0.512 + … என்ற முடிவிலாப் பெருக்குத் தொடராகும். இதன் கூட்டுத்தொகை 1/(1 – 0.8), அதாவது 5. எல்லாப் பரப்புகளும் அடர்சிவப்பாகி 20 விழுக்காடு மட்டுமே திருப்பினால் கூட்டுத்தொகை 1/(1 – 0.2) = 1.25. அதே விளக்கு, அதே மின்சாரம், ஆனால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு! கணக்கு வகுப்பில் படிக்கும் தொடர் படுக்கையறையிலும் வேலை செய்வதைப் பார்த்தீர்களா? உண்மையான அறையில் கூரை வெள்ளையாக இருக்கும். கதவு, அலமாரி, தரை எல்லாம் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். ஆதலால் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இராது. ஆயினும் திசை இதுதான்.

நிறமும் ஒரு விளையாட்டுக் காட்டும். சிவப்பு பெயிண்ட் ஒன்று சிவப்பொளியில் 60 விழுக்காட்டையும், நீலத்தில் 5 விழுக்காட்டையும் திருப்புகிறது என்போம். ஒருமுறை மோதிய ஒளியில் சிவப்பு நீலத்தைப்போல் 12 பங்கு. இருமுறை மோதியதில் 36 விழுக்காடும் 0.25 விழுக்காடும், அதாவது 144 பங்கு! அறையின் மூலைகள் பெயிண்ட் டப்பாவில் பார்த்த சிவப்பைவிட அடர்ந்து தெரிவது இதனால்தான். ஒரு சிவப்புத் தாளைப் புத்தகம் போல மடித்துப் பாதி திறந்து, மடிப்பின் உட்பகுதியைப் பாருங்கள், புரிந்துவிடும். கடையில் சிறு அட்டையைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பவர்கள், நான்கு சுவரும் பூசி முடித்தபின் "இவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்று நினைக்கவில்லையே" என்று திகைப்பதற்கும் இதுவே காரணம்.

படுக்கையறையே பலருக்குப் படிக்கும் அறையும் ஆகும். அங்கே நான்கு சுவரும் அடர்சிவப்பாக இருந்தால் புத்தகத்தின்மேல் விழும் வெளிச்சம் குறையும். "சிவப்பு அறையில் படிப்பு ஏறாது" என்பதில் ஏதேனும் உண்மை இருந்தால், அது இந்த அளவுக்குத்தான். அதற்குப் பரிகாரம் மேசைமேல் ஒரு விளக்கு. நூறு ரூபாய் பல்பு செய்யும் வேலைக்கு வீடு முழுவதும் மறுபூச்சு எதற்கு?

கோபம் வருமா?

இனி மனத்தைப் பற்றிய கூற்று. இதில் இயற்பியல் ஆசிரியர் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். நிறம் மனத்தைத் தொடுவதே இல்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால் ஒரு கதையைக் கேளுங்கள். 1979-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனைப்படி, அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்த கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு பூசினார்கள். அடைக்கப்பட்டவர்களின் முரட்டுத்தனம் குறைந்தது என்று செய்தி பரவியது. அச்சிறையின் அதிகாரிகள் இருவர் பெயரால் 'பேக்கர்–மில்லர் இளஞ்சிவப்பு' என்றே அந்த நிறம் புகழ் பெற்றது. வேறு பல சிறைகளும் அதைப் பூசிக்கொண்டன. ஆனால் 2015-இல் சுவிட்சர்லாந்தில், சிறைக் கைதிகளையே கொண்டு, வெள்ளை அறையோடு ஒப்பிட்டு முறையாகச் சோதித்த ஆய்வு வெளிவந்தது. இளஞ்சிவப்பால் முரட்டுத்தனம் குறைந்ததாக அதில் தெரியவில்லை.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? இளஞ்சிவப்பு என்பது வெள்ளை கலந்த சிவப்புத்தானே! சிவப்பு கோபமூட்டும், அதில் வெள்ளை கலந்தால் சாந்தப்படுத்தும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் நம்புகிறோம். நிறத்துக்குச் சாயல், பொலிவு, செறிவு என்று மூன்று அளவுகள் உண்டு என்று ஆல்பர்ட் மன்செல் 1905-ஆம் ஆண்டிலேயே வகுத்துக் காட்டினார். பளிச்சிடும் சிவப்பையும் மங்கிய நீலத்தையும் ஒப்பிட்டுவிட்டுச் 'சிவப்பின் விளைவு' என்று கூறினால், விளைவு சாயலால் வந்ததா, செறிவால் வந்ததா என்று எப்படித் தெரியும்?

இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. மருந்துச் சோதனையில், எது மருந்து எது வெறும் மாவு என்று தெரியாமல் மாத்திரை கொடுக்கலாம். சுவரின் நிறத்தை அதில் உறங்குபவரிடமிருந்து மறைக்க முடியுமா? "சிவப்பு கோபமூட்டும்" என்று பத்துப் பேர் சொல்லக் கேட்டவன், சிவப்பு அறையில் தன் கோபத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பான். காளை சிவப்புத் துணியைக் கண்டு சீறுகிறது என்பார்கள். காளையின் கண்ணில் இருவகைக் கூம்புச் செல்களே உண்டு. சிவப்பை நம்மைப்போல் பிரித்தறிய அதனால் இயலாது. துணியின் அசைவே அதைச் சீண்டுகிறது. பாவம், பழி சிவப்பின்மேல்!

நம் ஊரில் ரெட் ஆக்ஸைடு பூசிய சிவப்புத் தரையில் பாய் விரித்துத் தலைமுறை தலைமுறையாக உறங்கியிருக்கிறார்கள். இதை நிரூபணமாக நான் சொல்லவில்லை. ஆனால் சிவப்பைக் கண்டு அஞ்சுபவர்கள் அந்தத் தரையையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

அஞ்ச வேண்டியது எது?

நிறத்தைப் பற்றி இவ்வளவு விவாதிக்கும் நாம், நிறம் எதனால் ஆனது என்று கேட்பதில்லை. அங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. செங்காவிக்கும் ரெட் ஆக்ஸைடுக்கும் நிறம் தருவது இரும்பு ஆக்ஸைடு, அதாவது துரு. அதனால் தீங்கில்லை. ஆனால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எனாமல் பெயிண்டுகளில் பளிச்சென்ற நிறத்துக்காக ஈயக் குரோமேட் போன்ற ஈயச் சேர்மங்களை நெடுங்காலம் கலந்துவந்தார்கள்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கும். 'இவ்வளவு ஈயம் உடலில் சேர்ந்தால் பரவாயில்லை' என்று கூறத்தக்க அளவு எதுவுமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. வீட்டுப் பெயிண்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் பூசிய கதவும் சன்னலும் சுவரும் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றனவே! அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கிளம்பும் தூள் தரையில் படியும். தவழும் தம்பி தங்கையின் கையில் ஒட்டி, வாய்க்குள் போகும்.

எண்ணிப் பாருங்கள். "சிவப்பு அறையில் படிப்பு ஏறாது" என்று பயந்து பழைய சுவரைச் சுரண்டுகிறோம். சுரண்டியதால் எழுந்த தூள்தான் படிப்பைக் கெடுக்கக்கூடியது! மூடநம்பிக்கை வெறும் பணச் செலவோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எனவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். வீட்டில் வண்ணம் பூசும் பேச்சு எழுந்தால் நீங்களும் கலந்துகொள்ளுங்கள். டப்பாவின்மேல் ஈயத்தின் அளவைப் பற்றி அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பழைய எனாமலை உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், ஈரத்துணியால் நனைத்துத் தேய்க்கலாம் என்று பெயிண்டரிடம் பணிவாகச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கூரை வெள்ளையாகவே இருக்கட்டும். சிவப்பில் ஆசை இருந்தால் ஒரு சுவருக்கு மட்டும் பூசுங்கள், அல்லது சிவப்புத் திரையோ படுக்கை விரிப்போ போடுங்கள். பிடிக்காவிட்டால் மாற்றுவதும் எளிது. படிக்க மேசை விளக்கு. உறங்கும் முன் கைப்பேசிக்கு ஓய்வு.

சிவப்பு பிடிக்கவில்லையா? தாராளமாக வேறு நிறம் பூசுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது நேர்மையான காரணம். அதற்கு அறிவியல் சான்று தேவையில்லை. ஆனால் "பிடிக்கவில்லை" என்பதை "ஆகாது" என்று மாற்றிச் சொல்லும்போது மட்டும், "ஏன் ஆகாது? எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவன் எந்த நிற அறையில் உறங்கினாலும் நன்றாகவே விழித்தெழுவான்.